மகனின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஒரு வரி

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு 14 வயது. ஃபுட்பால் விளையாடும்போது கீழே விழுந்தான். அதிலிருந்து இடது தொடையில் வலி. சுளுக்கு என்று நினைத்து மூன்று மாதம் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். வீக்கம் குறையாததால் எம்.ஆர்.ஐ. எடுத்து, பயாப்ஸி செய்து, ‘யூவிங் சார்கோமா’ என்ற எலும்புப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நுரையீரலிலோ வேறெங்குமோ பரவவில்லையாம். ரிப்போர்ட்டில் ‘ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 – எஃப்.எல்.ஐ.1 ஃப்யூஷன் பாசிட்டிவ், டைப் 2’ என்று ஒரு வரி இருக்கிறது. மரபணுக் கோளாறு என்றார் டாக்டர். நான் கட்டியிருப்பது என் அத்தை மகனைத்தான். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று வீட்டில் பேசுகிறார்கள். 9 வயது மகள் இருக்கிறாள், அவளுக்கும் வருமா? காரணமான ஜீன் தெரிந்த பிறகு அதை மட்டும் நிறுத்த மாத்திரை கிடையாதா? கட்டியை எடுக்காமல் ஏன் முதலில் கீமோ? வியாழக்கிழமை ஆரம்பிக்கிறார்கள்.
— ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு வியாழக்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது. உங்கள் மகனுக்குக் கொடுக்கப்போகும் மருந்துகளில் சைக்ளோபாஸ்ஃபமைடு, ஐஃபாஸ்ஃபமைடு என்ற இரண்டும் பெரும்பாலும் இருக்கும். இவை பின்னாளில் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடியவை. வயதுக்கு வந்த பையன் என்றால், முதல் கீமோவுக்கு முன்பே விந்தணுவை எடுத்து உறைய வைத்துப் பாதுகாக்க முடியும். ஒரு நாள் வேலைதான். 14 வயதுப் பையனைப் பற்றி இதைப் பேச வீட்டில் கூச்சமாக இருக்கும், புரிகிறது. அப்பாவோ மாமாவோ அவனிடம் பேசட்டும். நீங்கள் நாளைக்கே புற்றுநோய் டாக்டருக்கு ஃபோன் செய்து கேளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் நேரத்தில் கேட்காமல், பத்து வருடம் கழித்து வருந்திய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். நான் கீமோ கொடுக்கும் டாக்டர் இல்லை. பயாப்ஸித் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அப்படி ஒரு வரியை எழுதும் நாற்காலியில் 20 வருடமாக உட்கார்ந்திருப்பவள். அதனால் அதைப் பற்றி உங்களிடம் விரிவாகவே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. ‘மரபணு’ என்றதும் அதற்குள் இருக்கும் ‘மரபு’தான் நம் காதில் விழுகிறது. உடனே பாட்டன், முப்பாட்டன், சொந்தத்தில் கல்யாணம் என்று மனம் ஓடுகிறது. ஆனால் மரபணுவில் கோளாறு என்பது வேறு, பரம்பரையாக வந்த கோளாறு என்பது வேறு. உங்கள் மகன் உங்களிடமிருந்தும் அவன் அப்பாவிடமிருந்தும் வாங்கிவந்த 46 குரோமோசோம்களில் இந்த ஃப்யூஷன், அதாவது இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நிலை, கிடையாது. அவன் உடலில் உள்ள கோடானுகோடி செல்களில் ஏதோ ஒரே ஒரு செல்லில், அவன் கருவான பிறகு, இது நடந்தது. அந்த ஒரு செல் பெருகித்தான் கட்டி ஆனது. கட்டியில் தேடினால் ஃப்யூஷன் கிடைக்கும். அவன் கையிலிருந்து ரத்தம் எடுத்து ஆரோக்கியமான செல்களில் தேடினால் கிடைக்காது. உங்களிடம் தேடினாலும் கிடைக்காது, உங்கள் கணவரிடமும் கிடைக்காது.

நடந்தது இதுதான். அந்தச் செல்லில் 11-ஆம் குரோமோசோம் ஓரிடத்தில் உடைந்தது, 22-ஆம் குரோமோசோமும் ஓரிடத்தில் உடைந்தது. செல்லின் பழுதுபார்க்கும் ஏற்பாடு முனைகளை ஒட்டும்போது ஆள் மாறி ஒட்டிவிட்டது. இந்த இடமாற்றத்தை 1983-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எந்த இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டன என்பதை 1992-இல் பாரிஸின் கியூரி நிலையத்தைச் சேர்ந்த ஒலிவியே தெலாத்ரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். நியூயார்க்கின் ஜேம்ஸ் யூவிங் 1921-இல் இந்தக் கட்டியை முதலில் தனியாக விவரித்ததிலிருந்து எண்ணினால் 71 வருடம்.

பரிசோதனைச் சாலையில் இதை நாங்கள் கண்ணாலேயே பார்க்கிறோம். 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 மரபணுவின் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக ஒளிரும் சாயம் ஏற்றுவோம். நல்ல செல்லில் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உங்கள் மகனின் கட்டிச் செல் போன்ற ஒன்றில் சிவப்பு ஒரு மூலையிலும் பச்சை இன்னொரு மூலையிலும் பிரிந்து நிற்கும். அதே செல்லில் இன்னொரு மஞ்சள் புள்ளியும் இருக்கும், உடையாத மற்றொரு பிரதி அது. இந்தச் சோதனை ‘உடைந்திருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 வேறு சில கட்டிகளிலும் உடையும். உங்கள் ரிப்போர்ட்டில் எஃப்.எல்.ஐ.1 என்று ஜோடியின் பெயரும் இருப்பதால், அடுத்த கட்டச் சோதனையும் செய்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல வேலை செய்திருக்கிறார்கள். யூவிங் சார்கோமாவில் சுமார் 85 சதவீதம் இந்த ஜோடிதான்.

இந்த எஃப்.எல்.ஐ.1 யார்?

நம் உடலின் கண்ணிலும் தோலிலும் எலும்பிலும் இருப்பது ஒரே 20,000 சொச்சம் மரபணுக்கள். கண் கண்ணாக இருப்பதும் எலும்பு எலும்பாக இருப்பதும், எந்த மரபணு எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் புரதங்களால்தான். இவற்றை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பார்கள், தமிழில் படியெடுப்புக் காரணி. மனிதனில் சுமார் 1,600 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ.வில் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஒரு சிறு எழுத்துக்கோவை உண்டு, அதுதான் அதற்கு முகவரி. அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்து மரபணுவைப் படியெடுக்கச் சொல்லும் அல்லது நிறுத்தச் சொல்லும்.

அவற்றில் ஒரு குடும்பம் எட்ஸ். மனிதனில் 28 உறுப்பினர்கள். கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஈ-26 என்ற வைரஸுக்குள் 1983-இல் முதல் உறுப்பினரைக் கண்டார்கள், குடும்பப் பெயரும் அந்த வைரஸிலிருந்து வந்ததுதான். எஃப்.எல்.ஐ.1-உம் அப்படித்தான், எலிகளில் ரத்தப் புற்றுநோய் தரும் ஃப்ரெண்ட் வைரஸைத் துரத்திப்போன இடத்தில் கிடைத்தது. சார்லட் ஃப்ரெண்ட் என்ற பெண் விஞ்ஞானி 1957-இல் அறிவித்த வைரஸ் அது. இந்த 28 பேருக்கும் பொதுவான ஒன்று: டி.என்.ஏ.வைப் பிடிக்கும் சுமார் 85 அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதி. அது தேடுவது ‘ஜி-ஜி-ஏ-ஏ’ என்ற நாலெழுத்தை, அல்லது கடைசி எழுத்து மட்டும் மாறிய ‘ஜி-ஜி-ஏ-டி’யை.

எஃப்.எல்.ஐ.1 கெட்டது அல்ல. ரத்தக் குழாய்கள் உருவாகவும், காயம் பட்டால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் உண்டாகவும் அது வேண்டும். 11-ஆம் குரோமோசோமின் அந்தத் துண்டு பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்குத் தட்டணு குறைவாக இருக்கும். உங்கள் மகனுக்கு அடிபட்டுச் சிராய்த்தபோதெல்லாம் ரத்தம் நின்றதில் அதற்கும் பங்கு உண்டு.

குரோமோசோம்கள் மாறி ஒட்டியபோது எஃப்.எல்.ஐ.1-இன் முன்பகுதி போய்விட்டது. முகவரி கண்டுபிடிக்கும் பின்பகுதி மட்டும் மிஞ்சியது. முன்னால் வந்து ஒட்டியது ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1-இன் தலைப்பகுதி. இந்தத் தலைப்பகுதி ஓர் ஒலிபெருக்கி மாதிரி. இதற்கென்று நிலையான வடிவம் கிடையாது, கொழகொழப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக் குவியும், மரபணுவைப் படியெடுக்கும் இயந்திரங்களையெல்லாம் தன் பக்கம் இழுக்கும். போதாததற்கு, ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 எல்லாச் செல்களிலும் ஓயாமல் வேலை செய்யும் மரபணு. அதன் ஸ்விட்ச் அணைவதே இல்லை. ஊரில் எல்லா வீடும் தெரிந்த தபால்காரர் கையில், நிறுத்த முடியாத மைக் செட்டைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான்.

இதற்கு மேல் நடப்பதுதான் என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைப்பது. நம் டி.என்.ஏ.வில் ‘ஜி-ஜி-ஏ-ஏ ஜி-ஜி-ஏ-ஏ ஜி-ஜி-ஏ-ஏ’ என்று ஒரே கோவை திரும்பத் திரும்ப வரும் நீளமான இடங்கள் இருக்கின்றன. அங்கே மரபணு ஒன்றும் இல்லை. சுருட்டி மூடிவைத்த இடம், புறம்போக்கு நிலம் மாதிரி. இயல்பான எஃப்.எல்.ஐ.1 அங்கே போய் எதையும் செய்வதில்லை. ஆனால் ஃப்யூஷனால் உண்டான இந்த இணைப்புப் புரதம், 2008-இலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியபடி, நேராக அங்கேதான் போகிறது. வரிசையாகப் பல பிரதிகள் உட்கார்ந்து, அந்த ஒட்டும் தலைகள் எல்லாம் சேர்ந்து குவிந்து, மூடியிருந்த டி.என்.ஏ.வையே திறந்துவிடுகின்றன. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தில் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு நிலையம் முளைத்து, தள்ளி இருக்கும் மரபணுக்களை ‘வளரு, பெருகு’ என்று விரட்டுகிறது. இன்னொரு பக்கம், தன் குடும்பத்து மற்ற உறுப்பினர்கள் உட்கார வேண்டிய இயல்பான இடங்களிலிருந்து அவர்களை வெளியே தள்ளி, செல் முதிர்ச்சி அடைவதற்கான மரபணுக்களை அடக்கிவிடுகிறது. எலும்பாகவோ வேறு திசுவாகவோ பக்குவப்பட்டிருக்க வேண்டிய இளம் செல், பக்குவப்படாமலே பெருகுகிறது. மைக்ராஸ்கோப்பில் நாங்கள் பார்க்கும் சிறிய, உருண்டையான, நீலமான செல்கள், எதுவாகவும் ஆகாமல் நின்றுபோன செல்கள்தான்.

பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோயில் ஆயிரக்கணக்கான மரபணு மாற்றங்கள் இருக்கலாம். யூவிங் கட்டியில் இந்த ஃப்யூஷனைத் தவிர மிகச் சிலவே. ஆய்வகத்தில் வளர்த்த யூவிங் செல்களில் இந்தப் புரதத்தை மட்டும் நிறுத்தினால் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

இதே குடும்பத்தின் மற்றவர்களும் வேறு விதங்களில் தடம் மாறியிருக்கிறார்கள். ஈ.ஆர்.ஜி. என்ற நெருங்கிய உறவு, புராஸ்டேட் புற்றுநோயில் வேறு ஒரு மரபணுவின் ஸ்விட்சுக்குக் கீழே போய் மாட்டிக்கொள்கிறது. அங்கே புரதம் ஏறக்குறைய பழையதுதான். ஆனால் ஆண் ஹார்மோன் சொன்னபடியெல்லாம் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கண்டது. மேலைநாட்டு ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயில் ஏறத்தாழ பாதியில் இருக்கிறது. ஈ.டி.வி.6 என்பது மரபணுக்களை அடக்கும் வேலை பார்ப்பது. அது இன்னொரு காரணியோடு ஒட்டிக்கொள்வது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் அடிக்கடி காண்பது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை.

இனி உங்கள் அத்தை வீட்டுப் பேச்சு. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில நோய்களுக்கு வாய்ப்பு கூடுவது உண்மைதான், அதை நான் மறைக்க மாட்டேன். தலசீமியா போன்றவை அப்படி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதுள்ள பிரதி வந்து சேர்ந்தால்தான் அந்த நோய் வரும். இந்த ஃப்யூஷனுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. ஒரு செல்லில் ஒரு பிரதி உடைந்தால் போதும், அந்த உடைப்புக்கும் நீங்கள் யாரைக் கட்டினீர்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. இந்தக் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டுங்கள். பேரன் படுக்கையில் கிடக்கும்போது அவர்களும் ஏதோ ஒரு காரணத்தைத் தேடித்தான் பேசியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ‘ஜி-ஜி-ஏ-ஏ’ தொடர்கள் எவ்வளவு நீளம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஈ.ஜி.ஆர்.2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள அத்தகைய ஒரு தொடரின் அமைப்பு, ஃப்யூஷன் நேர்ந்துவிட்டால் நோய் வளர எளிதாக்குகிறது என்று 2015-இல் கண்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்கு இந்த நோய் மிக அரிதாக வருவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இவை ஆரோக்கியமாக இருக்கும் லட்சக்கணக்கானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் வேறுபாடுகள். இதைப் பரிசோதித்து யாருக்கும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் மகளுக்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ வேண்டாம். மற்ற குழந்தைகளைப் போல அவளும் வளரட்டும். குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அது தனியாகப் பார்க்க வேண்டியது.

விழுந்ததாலும் வரவில்லை. பல யூவிங் கட்டிகளின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்து 2018-இல் வெளியான ஆய்வில், பத்தில் நான்கு கட்டிகளில் குரோமோசோம்கள் ஒரே சமயத்தில் பல இடங்களில் சிதறி ஒட்டியதன் விளைவாக ஃப்யூஷன் உண்டானது தெரிந்தது. அப்படி நேர்ந்தது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே. அதாவது அவன் மைதானத்தில் விழுந்தபோது கட்டி ஏற்கெனவே அங்கே இருந்தது. விழுந்ததால் அந்த இடம் கவனத்துக்கு வந்தது, அவ்வளவுதான். நீவிவிட்ட மூன்று மாதத்தை நினைத்து நீங்கள் தூங்காமல் இருப்பீர்கள் என்று தெரியும். விளையாடும் பையனின் கால்வலியை யாரும் முதலில் சுளுக்கு என்றுதான் நினைப்பார்கள், டாக்டர்களும் அப்படி நினைத்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். இனிமேல் அந்தக் காலை யாரும் அழுத்தவோ நீவவோ கூடாது. எலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது. டாக்டர் சொல்லும் வரை பாரம் ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘டைப் 2’ உங்களைப் பயமுறுத்தியிருக்கும். அது நோய் முற்றிய அளவைச் சொல்லும் எண் அல்ல. இரண்டு மரபணுக்களும் எந்தெந்தத் துண்டில் ஒட்டின என்பதற்கான பெயர் மட்டும். 1990-களில் டைப் 1 உள்ளவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொன்னன. 2010-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், இன்றைய சிகிச்சையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பழைய தகவலை இணையத்தில் எங்காவது படித்தால் கடந்து போய்விடுங்கள்.

மாத்திரை ஏன் இல்லை என்ற கேள்வி, உலகத்தின் பல ஆய்வகங்கள் 30 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் ஒரு ஃப்யூஷன் புரதத்தைத்தான் நிறுத்துகிறது. ஆனால் அந்தப் புரதம் ஒரு என்ஸைம். அதன் நடுவில் ஒரு குழி இருக்கிறது, மருந்து அந்தக் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது. நம் இணைப்புப் புரதத்தில் அப்படிக் குழி இல்லை. ஒரு பாதி டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் வழவழப்பான பரப்பு, மறுபாதி வடிவமே இல்லாத கொழகொழப்பு. மருந்து எதைப் பிடித்துக்கொள்ளும்? அது உட்காரும் ‘ஜி-ஜி-ஏ-ஏ’வை மறைக்கலாம் என்றால், குடும்பத்தின் மற்ற 27 பேரும் அதே முகவரியைத்தான் தேடுகிறார்கள், அவர்கள் வேலையும் நின்றுபோகும்.

ஆனாலும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். படியெடுப்புக் காரணி ஒன்று ஒட்டிக்கொண்டதால் வரும் வேறொரு ரத்தப் புற்றுநோயை, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஓர் அமிலத்தால் அடக்கலாம் என்று ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு 1980-களில் காட்டியது. அந்தக் காரணியில் வைட்டமின் ஏ உட்கார இயற்கையே ஒரு குழி வைத்திருந்தது. யூவிங்கில் இன்னொரு கதவு தெரிகிறது. இந்தப் புரதம் குறைந்தாலும் செல் வளராது, மிகக் கூடினாலும் செல் செத்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அந்தச் செல்லுக்கும் பொருந்துகிறது. அதன் அளவைச் சரியாக வைத்திருக்கும் ட்ரிம்8 என்ற இன்னொரு புரதத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று 2021-இலிருந்து ஆராய்கிறார்கள். இவை எதுவும் இன்றைக்கு உங்கள் மகன் கைக்கு வரும் மருந்து அல்ல. யாராவது ‘ஜீன் மருந்து’ என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வியாழக்கிழமையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஏனென்றால் கீமோதான் இந்த நோயின் கதையை மாற்றியது. கட்டியை வெட்டியோ கதிர்வீச்சு கொடுத்தோ மட்டும் விட்ட காலத்தில், பத்தில் ஒருவர்தான் பிழைத்தார். ஸ்கேனில் பரவல் தெரியாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கும். அவற்றைப் பிடிக்க ரத்தம் வழியாகப் போகும் மருந்தால்தான் முடியும். அதனால் முதலில் சுமார் மூன்று மாதம் கீமோ, கட்டி சுருங்கிய பிறகு அறுவை அல்லது கதிர்வீச்சு, அப்புறம் மீண்டும் கீமோ. சுருங்கிய கட்டியை எடுப்பதால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பும் கூடுகிறது. பரவாத நிலையில் இப்படி முழுச் சிகிச்சை எடுப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் அளவில் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். அந்த மருந்துகள் தாக்குவது வேகமாகப் பெருகும் செல்களை. அந்த இணைப்புப் புரதம் செல்லை ஓயவிடாமல் விரட்டுகிறதே, அதுவே கட்டியை இந்த மருந்துகளுக்குக் கட்டுப்பட வைக்கிறது.

கீமோ சுழற்சிகளுக்கு நடுவே 100.4 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சல் வந்தால், நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதயத்துக்கு எக்கோ எடுத்தார்களா என்று பாருங்கள், டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்துக்கு முன் அது வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி. தட்டு இரண்டுக்கும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் மகனிடம் மறைக்காதீர்கள். 14 வயதுப் பையன் அந்த வரியை எப்படியும் ஃபோனில் தேடியிருப்பான். உன் உடம்பில் ஒரே ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம் மாறி ஒட்டிவிட்டது, அதற்கு நீயும் காரணம் இல்லை, ஃபுட்பாலும் காரணம் இல்லை என்று சொல்லுங்கள். புரியாவிட்டால் சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி கதையைச் சொல்லுங்கள். அவனுடைய ஸ்லைடைப் பார்க்க ஆசைப்பட்டால் அங்குள்ள பேத்தாலஜி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். என்னிடம் கேட்ட பிள்ளைகளுக்கு நான் காட்டியிருக்கிறேன்.